விஜயதசமிக்குச் சுடாத துப்பாக்கி

...சுடுவதற்கா, வைத்துக்கொள்வதற்கா என்றுதானே துப்பாக்கிக் கடைக்காரன் கேட்டான், கேட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவன் பாட்டுக்கு உள்ளே போய்விட்டான், நின்ற நிலையில் பதில் சொல் என்றால் அவள் எங்கே போவாள், கண்மணி பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள், அந்த இரும்பு இல்லாமல் பை எவ்வளவு லேசாகிவிட்டது, சுவருக்கு அந்தப் பக்கம் யார் யாரோ சுட்டுப் பழகுகிறார்கள், டம் என்கிற ஒவ்வொரு தடவையும் பெஞ்சு அதிர்ந்து முதுகுத்தண்டில் ஏறுகிறது, ஹில்கிராஃப்ட் தெருவில் ஓட்டல் சமையல்கட்டில் வெங்காயம் நறுக்குகிறவளுக்கு இந்தக் கடையில் என்ன வேலை, ஓட்டல் நடத்துகிற சாரதாக்காவிடம் பல்வலி என்று பொய் சொல்லி லீவு போட்டாயிற்று, வேறென்ன சொல்ல, எங்க ஊட்டுக்காரர் துப்பாக்கியைச் சுடப் போறேங்க்கா என்றா சொல்வது, அந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடவே வந்திருக்கும்.

மயில்சாமி இருந்திருந்தால்... இருந்திருந்தால் அவள் ஏன் இங்கே வருகிறாள். நாமக்கல்லில் லாரி ஓட்டின மனுஷன், கடல் தாண்டி இங்கே வந்தும் லாரியே ஓட்டி, அமரில்லோ ஊர்ப் பக்கம் லாரி நிறுத்துகிற இடத்தில் சீட்டில் உட்கார்ந்தவாக்கிலேயே நெஞ்சடைத்துப் போய்விட்டார், ஆள் போன பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம், அதைச் சொன்ன போலீஸ்காரன் எதற்கு அதைச் சொன்னான்... அவர் விட்டுப்போனதில் அவளுக்கு என்று வந்தது இந்த ரிவால்வர். அவருக்கு அது எர்ல் கொடுத்தது, கூட மாற்றி மாற்றி லாரி ஓட்டிய வெள்ளைக்காரக் கிழவர், பிள்ளைகுட்டி இல்லாதவர், எங்கப்பன் இடுப்பில் இருந்தது, நீ வைத்துக்கொள் மைக் என்று படுக்கையிலிருந்தே கொடுத்தார், மயில்சாமியை அந்தக் கிழவர் கடைசிவரை மைக் என்றுதான் கூப்பிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த வருஷமே ஆயுத பூஜையில் அதற்கும் இடம் கிடைத்துவிட்டது, லாரிச் சாவி, அவளுடைய கத்தி, கிரைண்டர், அதுகளோடு இதுவும், சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து, ஒரு பூவும் சார்த்தி. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துக் கொஞ்சமாவது வேலை வாங்க வேண்டும், அப்படியே தூக்கி உள்ளே வைக்கக் கூடாது, லாரியை ஒரு சுற்று ஓட்டுவார், இவள் ஒரு வெங்காயம் நறுக்குவாள், கிரைண்டரில் ஒரு பிடி அரிசி விழும், துப்பாக்கி மட்டும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். “அடுத்த வருசம் சுட்டுப்போடலாம் புள்ள.” வருஷா வருஷம் இதே பாட்டு. அவள் வாய் சும்மா இருந்ததா, “ஏனுங்க, அத்தாப் பெரிய வண்டிய ஓட்டறீங்கொ, இந்த மொழ நீளத்துக்குப் பயமாங்க?” அவர் காதைச் சொறிந்துகொண்டு எழுந்துபோவார். விருந்தாளி வந்தாலும் விடமாட்டாள், எங்க ஊட்டுக்காரர் துப்பாக்கி வெச்சிருக்கறது கொசு அடிக்கறதுக்கு என்பாள், எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

அவருக்கு வருஷம் திரும்பின பிறகு வந்த முதல் பூஜை நேற்று, ஒற்றை ஆளாக மணியடித்தாள், இன்றைக்காவது அதை ஒருதரம் சுட்டுவிட வேண்டும், கடன் மாதிரி கழுத்தில் கிடக்கிறது, அவர் சுடாததை அவள் சுட்டுவிட்டால்... விட்டால் என்ன, அவர் எழுந்துவரப் போகிறாரா. ஃபோன் நடுங்கியது. ஆலன் ஊரிலிருந்து மகன் தீபக். “அம்மா, எங்க இருக்க, என்ன சத்தம் அது?” கடையில் என்றாள். என்ன கடை என்றான், சொன்னாள். “அம்மா! ஆர் யூ சீரியஸ்? அது ஆன்டிக்மா, சுட்டா கையே போயிடும். ஃப்ரேம் பண்ணி எங்க ஹால்ல மாட்டலாம், அப்பா மெமரியா இருக்கும்.” மாட்டினால் நீ நிமிர்ந்து பார்ப்பாயா என்று வந்ததை முழுங்கிக்கொண்டு, “ரோஹன் சாப்டானா சாமி?” என்றாள். “ஹி இஸ் அட் சாக்கர். டோன்ட் ஷூட் இட், ஓகே? மீட்டிங் இருக்கு, வெக்கறேன்.” வைத்துவிட்டான். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினால் வருகிறவர்கள் ஓ என்பார்கள், வாரம் ஒருதரம் யாராவது தூசி தட்டுவார்கள், அந்த வீட்டில் போய் இருந்தால் தன் இருப்பும் அப்படித்தானே ஆகும், பேரன் வந்து ஹாய் பாட்டி என்பான், போய்விடுவான்...

ரிப்பேர் பார்க்கிற கேரி தட்டில் துப்பாக்கியோடு வந்தான், தாடியில் எண்ணெய் மினுக்கம். குண்டு போடுகிற உருளை சுற்றவில்லை மேம், வயசானதால் இல்லை, யாரோ ஏதோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது உள்ளே காய்ந்து கோந்தாகிவிட்டது, என்ன எண்ணெய் அது? “செஸமி,” என்றாள். அவன் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தான். துப்பாக்கிக்கென்று தனி எண்ணெய் விற்கிறது புள்ள என்று அவர் சொன்னாரே, நல்லெண்ணெய் இருக்கையில அந்தக் கருமம் எதுக்குங்க என்று இவள்தானே கரண்டியைச் சாய்த்தாள், வருஷா வருஷம் இவள் கைதானே... கேரி பிடிக்கு மேலே விரல் வைத்துக் காட்டினான், சந்தனமும் குங்குமமும் ஈரமாக உட்கார்ந்து உட்கார்ந்து இரும்பில் செக்கச்செவேல் என்று வட்டமாகத் துரு. சுட வேண்டுமென்றால் முழுதும் கழற்றி, மருந்தில் ஊறப்போட்டு, துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுவேன், பழைய நிறம் போகும், இந்த வட்டமும் போகும், வேண்டாமென்றால் இப்படியே இருக்கும், ஆனால் ஒருநாளும் சுடாது.

போகட்டும், கழற்று, என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் அவன் துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பி, “இந்தச் சிவப்பு வட்டத்தை முன்னாடியே பார்த்திருக்கேன் மேம்,” என்றான், ஒரு டிரக் டிரைவர் கொண்டுவந்தார், நாலைந்து வருஷம் இருக்கும், அவரிடமும் இதையேதான் சொன்னேன், யார் சமையல் எண்ணெய் விடுகிறார்களோ அவர்களை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன், யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார், வரவில்லை.

நாலைந்து வருஷம்... அப்படியென்றால் அதற்குப் பிறகு வந்த பூஜைகளில் அவர்தானே துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி அவள் முன்னால் நீட்டினார், “ஊத்து புள்ள” என்று அவர்தானே சொன்னார், ஊற்றினாளே, அதற்கப்புறமும் கொசு அடிக்கிற கதையைச் சொன்னாளே, அவரும் கூடச் சிரித்தாரே... “நீங்க சொன்னப்ப அவர் சிரிச்சாரா?” என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டாள். “மேம்?” “அவர் மூஞ்சி, அப்ப எப்படி இருந்துச்சு?” கேரி நிஜமாகவே யோசித்துப் பார்த்தான், பாவம், பிறகு இல்லையென்று தலையை ஆட்டினான், எனக்குத் துப்பாக்கி மறக்காது மேம், கொண்டுவருகிறவர்கள் முகம் நிற்பதில்லை. “சரி, இப்ப சொல்லுங்க, சுடறதுக்கா, வெக்கறதுக்கா?”

“வெக்கறதுக்கு,” என்றது அவள் வாய், மனசு இன்னும் அந்த வருஷங்களில் நின்றிருந்தது.

காருக்குள் வெயில் தகித்துக்கொண்டிருந்தது, கண்ணாடியை இறக்கவில்லை, பக்கத்துச் சீட்டில் பையை வைத்துவிட்டுச் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள், அவர் சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை, எண்ணெயை மாத்து புள்ள என்று, சொல்லியிருந்தால் இவள் மாற்றியிருப்பாளா, இல்லை, ஆமாங்க எல்லாத்துக்கும் நாந்தான் காரணம் என்று ஆரம்பித்து அந்த வாரத்தையே நாசம் பண்ணியிருப்பாளா, அவள் மனசு நோகுமே என்று மறைத்தாரா, அவள் வாய்க்கு அஞ்சி மறைத்தாரா, எப்படியோ மறைத்தார், இரண்டும் ஒன்றுதான் என்று தள்ளிவிடலாம், தள்ளிப் பார்த்தாள், போகவில்லை, ஒன்று இல்லையே, நோகுமே என்று மறைத்திருந்தால் அத்தனை வருஷமும் அவர் அவள் பக்கத்தில் இருந்திருக்கிறார், அஞ்சி மறைத்திருந்தால், அதே வீட்டில், அதே சாமி படத்துக்கு முன்னால், அவரும் இப்படித்தான், ஒற்றை ஆளாக...