ஓடாத ஆட்டம்

என் மனைவியின் அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் நடந்த முதல் ஏற்பாடு, பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கியதுதான். தலையணை உறையும் பாத்ரூம் தாழ்ப்பாளும் அதற்குப் பிறகே நினைவுக்கு வந்தன.

"படமே வரல. பாத்துக் குடுங்க" என்றாள் மனைவி. அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை என்பதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

பெட்டி அக்காவும் தங்கையும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. கூடவே ஒரே ஒரு கேசட். கறுப்பு நிறம். எந்தக் கம்பெனியின் பெயரும் அதன் மேல் இல்லை. பாதி உரிந்த ஸ்டிக்கரில் ஒரு பறவையின் வால் மட்டும் மிச்சம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகும்போது பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன். கேசட் செருகும் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒர்க்‌ஷாப்பில் கிடந்த டிவியில் மாட்டினேன். படம் வந்தது. நிலா, மரம், மரத்தில் ஒரு பறவை. உடனே இருட்டு. மறுபடியும் நிலா, மரம், பறவை. மறுபடியும் இருட்டு. நொடிக்கு ஒரு தரம் பெட்டி செத்துச் செத்துப் பிழைத்தது.

இந்த நோய் எனக்குத் தெரியும். லிஃப்ட் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்டை நகரவிடாமல் பிடித்துவைக்க ஒரு பூட்டு உண்டு. இந்தப் பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு காவல் சிப் இருக்கிறது. கேசட் உள்ளே வந்ததும் யார் என்று கேட்கும். அனுமதி வாங்கித் தயாரித்த கேசட்டுக்குள் பதில் சொல்ல அதற்கு ஜோடியாக ஒரு சிப் இருக்கும். அனுமதி வாங்காமல் தயாரித்தவர்கள் பதிலுக்குப் பதிலாக மின்சாரத்தில் ஒரு குலுக்குக் குலுக்கிக் காவலை மயக்கப் பார்ப்பார்கள். சில பெட்டிகள் மயங்கும். இது மயங்காத ரகம். சரியான பதில் வராதவரை பெட்டியை முதலிலிருந்து தொடங்க வைத்துக்கொண்டே இருக்கும். வைத்தியம் சுலபம். அந்தக் காவல் சிப்பின் ஒரு கம்பிக் காலை வெட்டிவிட்டால் கேள்வி கேட்பதை விட்டுவிடும்.

வெட்டினேன்.

தொப்பி போட்ட ஒரு குட்டி ஆள் வந்தான். ஏணியில் ஏறிப் பழம் பறித்தான். என் சாப்பாட்டு நேரம் முழுவதையும் அவனே எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டில் மாட்டிக் காட்டினேன். மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள். குட்டி ஆள் ஏறினான், விழுந்தான், ஏறினான். அவள் கையைத் துடைக்க மறந்து அவனையே பார்த்தாள். எங்கள் வீட்டில் பார்வைக்குப் பஞ்சமில்லை. அதில் பல ரகங்களை எனக்குத் தெரியும். இது நான் பார்த்திராத ரகம்.

"இவன் யாரு?"

"இவன்தான் ஆட்டம். பழம் பறிப்பான்."

"இப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்லயே."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அக்காவும் அவளும் படம் வந்து வந்து மறையும் அந்த மின்னலைத்தான் ஆட்டம் என்று நினைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மின்னலிலும் பறவை மரத்தின் இடப்பக்கமோ வலப்பக்கமோ உட்கார்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று இருட்டிலேயே சொல்லிவிட வேண்டும். தப்பாகச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. குட்டு வாங்கும் நேரத்தில் கடந்துபோகும் மின்னல்கள் கணக்கில் சேராது. தும்மினால் ஒரு முறை மன்னிப்பு. இந்தச் சட்டதிட்டங்களோடு பள்ளிக்கூடக் காலம் முழுவதும் விளையாடியிருக்கிறார்கள். கேசட் ஓடவில்லை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நன்றாக ஓடுகிறது என்றுதான் அவர்கள் அப்பாவும் நம்பியிருக்கிறார்.

"படம் வரலன்னுதான குடுத்தேன். மின்னுறத யாரு நிறுத்தச் சொன்னா?"

சரி, வேறு ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாமே என்றேன். அவள் துண்டில் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே காய்ந்திருந்த கை.

"எனக்கும் அவளுக்கும் பேச என்னங்க இருக்கு? போன தடவ வந்தா. அவ சுவத்தப் பாத்தா, நான் தரையப் பாத்தேன். டீ குடிச்சிட்டுப் போயிட்டா. சண்டன்னாலாவது சமாதானம் பேசலாம். எங்களுக்குள்ள அதுவும் இல்ல. இந்தத் தடவையும் அப்படியே போனா, அவ இனிமே வரமாட்டா."

சனிக்கிழமை மறுபடியும் பெட்டியோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஸ்டோர் பார்க்கும் அண்ணன் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நேத்து ஓடுச்சேப்பா?"

"ஆமாண்ணே. அதான் ரிப்பேர் பண்றேன்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் ஆனவர்.

வெட்டிய காலில் மிச்சம் எள்ளளவு. தலைமுடி போன்ற ஒரு கம்பியை அதில் ஈயம் வைத்துப் பிடிக்கப் பார்த்தேன். முதல் தடவை ஒட்டவில்லை. டிவியில் குட்டி ஆள் சந்தோஷமாகப் பழம் பறித்தான். இரண்டாவது தடவையும் பறித்தான். ஒரு மனிதன் வேலை செய்வதைப் பார்த்து எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்ததில்லை. சிப் அதிகம் சூடானால் நிரந்தரமாகப் போய்விடும். பிறகு இவன் ஆயுசுக்கும் ஓடுவான். ஆறவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வைத்தேன். நிலா. இருட்டு. நிலா. இருட்டு. எங்கள் கட்டடங்களில் எந்த லிஃப்ட் நின்றபோதும் நான் இப்படி நிம்மதியடைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், கூடவே சகலையும். உடம்பு எப்படி, பரவாயில்லை, வெயில் அதிகம், ஆமாம். டீ வந்தது. பேச்சு தீர்ந்தது. அக்காவின் கண் சுவருக்குப் போனது. மனைவி எழுந்து பெட்டியின் சுவிட்சைப் போட்டாள்.

மின்னியது. அக்கா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இன்னும் இருக்கா இது?"

மனைவி தரையில் உட்கார்ந்தாள். அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள், முட்டி வலியை முனகிக்கொண்டே. சில மின்னல்கள் சும்மா போயின.

"எடது" என்றாள் அக்கா. பறவை இடப்பக்கம் இருந்தது.

"வலது" என்றாள் மனைவி. இடப்பக்கமே இருந்தது. தலையைக் குனிந்தாள். அக்கா குட்டினாள். அளந்து குட்டிய குட்டாகத் தெரியவில்லை, நன்றாகவே சத்தம் கேட்டது.

சகலை என் பக்கம் சாய்ந்தார். "டிவியில கோளாறா சகலை? எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான், வரச் சொல்லவா?" என்றார்.

வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆட்டம் வெகுநேரம் போனது. இருவரும் திரும்பிப் பார்த்துக்கொள்ளவில்லை. அதற்கு அவசியமும் இல்லை, வெளிச்சம் எதிரே இருந்தது. ஒரு இருட்டில் அக்காவின் குரல் வந்தது.

"இதுக்குள்ள ஒரு ஆள் இருக்கான்டி. கூடப் படிச்சவ வீட்டுல இதே கேசட்டு ஓடுச்சு. பழம் பறிப்பான். அப்பவே பாத்துட்டேன். உன்கிட்ட சொல்லல."

நிலா வந்து போனது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா அவனத்தான விளையாடணும்."

"நானும் முந்தாநாள் பாத்தேன்" என்றாள் மனைவி.

"எப்படி இருக்கான்?"

"பாவம். விழுந்துக்கிட்டே இருக்கான்."

அக்காவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. அவளுடைய வீட்டு மாடிப்படி, முட்டிக்குப் பார்க்கும் டாக்டர், கல்யாணத்துக்குப் பிறகு யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று என்று பேச்சு எங்கெங்கோ போக ஆரம்பித்தது. பறவையை யாரும் கவனிக்கவில்லை. நான் டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கழுவி முடித்துத் திரும்பி வந்தபோது மனைவி சுவிட்சை அணைக்கக் கையை நீட்டியிருந்தாள்.

"இருக்கட்டும்டி" என்றாள் அக்கா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். "வலதுன்னு சொன்னேன். எடதுல இருக்கு பாரு."

தலையைக் குனிந்தாள்.