கப்டனுக்கு ஏறிய சேலைன்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கப்டனைப் பார்க்க முதலில் வந்தவர், ஒரு பக்கற் மாரி பிஸ்கட்டும் தோடம்பழமும் கொண்டுவந்தார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போவது கல்முனைப் பக்கத்தில் மரியாதையில்லை. நோயாளி குதிரை என்பதற்காக மரியாதையைக் குறைத்துக்கொள்ள முடியுமா? கப்டன் பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, மூக்குத் துவாரங்களை விரித்து, ஒவ்வொரு மூச்சையும் வயிற்றின் அடியிலிருந்து இரண்டு தடவை உந்தி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கழுத்து நரம்பில் ஊசி. கூரை வளையில் தொங்கிய போத்தலிலிருந்து சேலைன் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

கப்டனின் சொந்தக்காரன் காலிதீன் மாட்டுவண்டிக்காரனாக இருந்தவன். வண்டியையும் மாட்டையும் மகள் சிபானாவையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. அடுத்த வருடம் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அவனுக்குப் படகு கொடுத்தது. அவன் கடலுக்கே போகாதவன் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அவர்களிடம் இருந்தது படகுதான். காலிதீன் நன்றி சொல்லி வாங்கினான், கைதட்டிப் படம் பிடித்தார்கள். அவர்கள் ஊரைவிட்டுப் போனதும் படகை விற்று, நுவரெலியாவில் பந்தயத்துக்கு ஆகாமல் கழித்துவிட்ட இந்தக் குதிரையை லொறியில் ஏற்றிவந்தான். அன்றிலிருந்து ஊர் மாப்பிள்ளைமார் சரிகைத் துணி போர்த்தி அதன்மேல்தான் பெண்வீட்டுக்குப் போனார்கள். சிலர் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் வழியில் விழுந்தார்கள். கப்டன் என்ற பெயர் ஊருக்குள் மட்டும்தான். சோதனைச் சாவடியில் பெயர் கேட்ட சிப்பாயிடம் காலிதீன் அந்தப் பட்டாளப் பதவியைச் சொல்லி ஓர் அறை வாங்கியபின், சாவடிகளில் அது வெறும் குதிரை.

இருமல் தொடங்கியது போன மாரியில். சாகாமத்திலிருந்து வந்த வைக்கோலைக் காலிதீன் குதிரைக் கொட்டிலுக்குள் கூரைவரை அடுக்கியிருந்தான். ஒழுக்கில் நனைந்து உள்ளே பூஞ்சணம் பிடித்த வைக்கோல், உதறினால் மாவைப்போலப் பறந்தது. அதைத்தான் கப்டன் தின்றது, அதன்மேல்தான் படுத்தது, அதைத்தான் மூச்சாக இழுத்தது.

இருமலோடே இன்னும் கொஞ்சக் காலம் போயிருக்கும். ஆனால் சண்டை முடிந்திருந்தது, அமைச்சர்மார் எல்லா ஊருக்கும் வரத் தொடங்கியிருந்தார்கள். சுனாமி வீட்டுத்திட்டத்தைத் திறக்க ஒருவர் சனிக்கிழமை வருகிறார். அவருடைய அமைப்பாளர் கலந்தர்லெவ்வை ஹாஜியார், காலிதீன் குடியிருந்த தகரக் கொட்டிலுக்கே நேரில் வந்தார். அந்தக் கொட்டில் தற்காலிகமானது என்று சுவரில் எழுதியிருந்தது. அந்த எழுத்தும் வெயிலில் அழிந்துபோயிருந்தது.

“அமைச்சருக்கு முன்னால குதிர போவணும் காலிதீன். நடந்தா ஒனக்கொரு வீடு. நடக்காட்டி, நானும் மனிசன்தானே, எத்தின பேருக்குத்தான் செய்யிற?”

காரைதீவிலிருந்து மிருக வைத்தியர் கனகரெத்தினம் வந்தார். மார்பில் காதை வைத்துக் கனநேரம் கேட்டார்.

“இது நெடுநாள் மூச்சுக்குழல் வருத்தம். சளி கோந்து மாதிரி இறுகிக் கிடக்கு. நரம்பால நிறையச் சேலைன் ஏத்தினா இளகி வரும் எண்டு ஒரு முறை இருக்கு. ஆனா மெல்லமாத்தான் ஏத்தோணும். குழாயில இருக்கிற இந்தச் சில்லத் திருகப்படாது. மூச்சுக் கூடினா உடன பூட்டிப்போட்டு எனக்குக் கோல் எடு. மற்றது, இந்த வைக்கல முழுக்க வெளிய எறி. குதிரயக் கடக்கரையில காத்துல கட்டு. அதுதான் மருந்து. சேலைன் அதுக்குப் பிறகுதான்.”

“சனிக்கிழம நடக்குமா டொக்டர்?”

“அடுத்த மாசத்தக் கேளு.”

ஒரு குதிரைக்குத் தேவையான சேலைன் வைத்தியரிடம் இல்லை. கலந்தர்லெவ்வை ஹாஜியார் தன் அரிசி ஆலையின் பின்னறையைத் திறந்தார். சுனாமிக்கு வந்த பெட்டிகள் கட்டுக் குலையாமல் இருந்தன. வைத்தியர் போத்தலைத் திருப்பித் திகதியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் காலம் இருந்தது. காலிதீனுக்கு வந்துசேராத நிவாரணம் அப்படியாக அவன் குதிரைக்கு வந்துசேர்ந்தது.

வெள்ளி காலை வைத்தியர், வைக்கோலை இன்றைக்கே எறியும்படி மறுபடியும் சொல்லி, ஊசி குத்தி, போத்தல் மாற்றப் பழக்கிவிட்டு, கன்று போட முடியாமல் திருக்கோவிலில் கிடந்த ஒரு பசுவைப் பார்க்கப் போனார். அவர் சொன்னவற்றில் குழாய் உள்ளதை மட்டும் செய்தார்கள். வைக்கோலை எறியவில்லை, தீனிக்கு எங்கே போவது? கடற்கரைக்கும் கொண்டுபோகவில்லை. “இந்த ஊட்லரிந்து இனி ஒரு உசிரும் அந்தக் கடலுக்குப் போகா” என்றாள் காலிதீனின் மனைவி கைருன்னிஸா.

ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் கூடியது. சளிக்காரனுக்குக் காற்றுப் படலாமா என்று ஒருவர் கேட்க, பழைய கூடாரத்துணியால் குதிரைக் கொட்டிலின் திறந்த பக்கத்தை மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி சாம்பிராணிச் சட்டியோடு வந்து, குதிரையின் முகத்துக்கு நேரே பிடித்து ஊதினாள். கப்டன் இருமியது. இருமினால் நல்லது என்றார்கள்.

“என்னா காக்கா, இப்பிடிச் சொட்டினா பெருநாளைக்குத்தான் நடக்கும்” என்று ஒருவர் காலிதீனிடம் சொல்லிச் சில்லைக் கொஞ்சம் திருகினார். அடுத்து வந்தவரும் பார்த்தார், அவருக்கும் மெதுவாகத்தான் பட்டது. அவரும் கொஞ்சம் திருகினார். யாருமே அதிகம் திருகவில்லை.

கப்டனின் விலாக்கள் துருத்தியைப்போல அடிக்கத் தொடங்கின. காலிதீன் எழுந்து போத்தலுக்கருகில் போனான்.

“மூச்சுக் கூடிட்டு. டொக்டர் பூட்டச் சொன்ன.”

“டொக்டருக்குக் கல்லு ஊடு இரிக்கி” என்றாள் கைருன்னிஸா. அவன் கையை விலக்கினாள். “தகரத்துக்குள்ள நான் வெந்தது போதும். இரிங்க, ஏறட்டும்.” சில்லைக் கடைசிவரை திருகினாள். சொட்டு நூலாகியது. போத்தல்கள் காலியாகக் காலியாக ஆள்மாறி ஆள் எடுத்துக் கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் சகன் சோறு பரிமாறுவதைப்போல வேலை மளமளவென்று நடந்தது.

அஸர் தொழுகைக்கு முன் கப்டனின் மூக்கிலிருந்து நுரை வந்தது.

“பாருங்கடா, சளி கழண்டு வருது!”

“அல்ஹம்துலில்லாஹ்!”

ஒருவர் அப்போதே ஹாஜியாருக்கு அழைத்து, “குதிர சுகம் ஹாஜி, நாளைக்கிப் பறக்கும்” என்றார். நுரை நிற்கவில்லை. வெள்ளையாக, ஓரத்தில் லேசான ரோசா நிறத்தோடு, இரண்டு துவாரங்களிலும் பொங்கியது. கைருன்னிஸா முந்தானையால் துடைத்தாள், மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள். பிறகு அவள் கை அப்படியே நின்றது. கடல் வந்த அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் வரிசையாகக் கிடத்தியிருந்த பிள்ளைகளில் சிபானாவைச் சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். மகளின் மூக்கிலும் இதுதான் வந்துகொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

“இது சளியில்ல” என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. அவள் சில்லைப் பூட்டினாள். பூட்டிய பிறகும் விரல் நோக நோக இறுக்கிக்கொண்டேயிருந்தாள். காலிதீன் வைத்தியருக்கு அழைத்தான். திருக்கோவில் பசுவுக்குள் தோள்வரை கை விட்டிருந்தவரின் சட்டைப்பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. கப்டன் முன்னங்கால்களை மடித்து, யாருக்கோ மரியாதை செய்வதைப்போலக் குனிந்து, பக்கவாட்டில் சரிந்தது. கடலுக்கு இந்தப் பக்கம், கால் நனையாமல், உப்புத்தண்ணீரில் மூழ்கிச் செத்தது.

குழி தோண்டப் பெக்கோ இயந்திரம் கிடைக்கவில்லை. அமைச்சரின் மேடைக்கு நிலம் மட்டம் செய்துகொண்டிருந்தது. சனி காலை ஹாஜியார் வந்து எட்டிப்பார்த்து மூக்கைப் பொத்தினார்.

“மௌத்தானதுக்கு நான் என்ன செய்யிற? அந்தச் சரிகைத் துணியத் தா, ஒரு ஓட்டோக்குப் போட்டு முன்னால உடுவம். இது ரோட்டுக்குத் தெரியப்படா, விளங்குதா?”

“ஊடு, ஹாஜி?”

“மறுகா பாப்பம்.”

கொட்டிலை மூடியிருந்த கூடாரத்துணியை அவிழ்த்துக் கப்டன்மேல் போட்டார்கள். நன்கொடை தந்த நாட்டின் கொடி அதில் மங்கிக் கிடந்தது. துணி ஒரு குடும்பத்துக்கு அளவெடுத்தது, குதிரைக்குக் காணாது. அமைச்சரை அழைத்துவரும் றபான் கொட்டுச் சத்தம் சந்தியில் திரும்பிக் கிட்ட வந்தது. காலிதீன் கால்களை மூட அந்தப் பக்கம் இழுத்தான். கைருன்னிஸா முகத்தை மூட இந்தப் பக்கம் இழுத்தாள். இருவரும் துணியின் இரண்டு நுனிகளையும் விடாமல், மாறி மாறி இழுத்துக்கொண்டேயிருந்தார்கள்.