ஞாயிறு உட்பட

செல் வளர்த்த பாட்டிலுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொன்னபோது ஆய்வுக்கூடத் தலைவர் முதலில் சிரித்தார். அவருக்கு அங்கே 'ஆகட்டும் சார்' என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பார். பார்த்துக்கொண்டதாகத்தான் சரித்திரமே இல்லை.

"என்னம்மா, விளையாடுறீங்களா? நூத்துக்குத் தொண்ணூத்தாறு தேறியிருக்குன்னு மெஷினே சொல்லுது."

"அது மருந்து இருந்தப்ப எடுத்தது, சார். மருந்தை நிறுத்தி நாலு நாள் பட்டினி போட்டுப் பார்த்தேன். இப்ப முப்பத்தெட்டு. மிச்சமெல்லாம் கட்சி மாறிடுச்சு."

விஷயம் இதுதான். உடம்பில் சண்டை போடும் செல்கள் உண்டு. அவற்றை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டு டி செல்களும் உண்டு. அடக்க ஆளில்லாவிட்டால் உடம்பு தன் கை கால் மூட்டுகளையே தின்னத் தொடங்கும். ஆகவே நோயாளியின் ரத்தத்திலிருந்து சாதாரண டி செல்களை எடுத்து, மருந்து ஊற்றிப் பதினாலு நாள் வளர்த்து, கட்டுப்பாட்டுச் செல்களாக மாற்றி, அவருக்கே திரும்ப ஏற்றுவது இவர்கள் வேலை. மாற்றுவது பெரிய வித்தை இல்லை. மருந்து இருக்கும்வரை எல்லாம் பரம சாதுவாக இருக்கும். அதை நிறுத்திவிட்டு, வீக்கம் உண்டாக்கும் சரக்கைக் கொஞ்சம் காட்டினால் போதும், சாயம் வெளுத்துவிடும். அப்படி மறுபடி சண்டைக்கு ஓடுகிற செல்லுக்கு ஆய்வுக்கூடத்தில் 'கட்சி மாறி' என்றே பெயர். நோயாளிக்குள் போய் அது கட்சி மாறினால், மூட்டைக் காக்கப் போனதே மூட்டைக் கடிக்கும்.

முதல் ஆள் ஒரு பஸ் டிரைவர். அவருக்கு வியாழக்கிழமை ஏற்ற வேண்டும். இரண்டாம் ஆள் அவளுடைய சொந்தத் தங்கை.

"பட்டினி சோதனை நம்ம படிவத்துலயே கிடையாது. இந்த பாட்டில் போகலைன்னா மேலிடத்துல திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க. உங்க தங்கச்சி பேரும் லிஸ்ட்ல இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. தங்கையை எதற்கு நடுவில் இழுக்கிறார் இந்த மனுஷன்!

"நல்லாவே ஞாபகம் இருக்கு, சார். அதனாலதான் போட மாட்டேங்கிறேன். டிரைவரோட செல்லுல பாதியை உறைய வெச்சிருக்கோம். மூணு வாரம் குடுங்க, மறுபடி வளர்க்கிறேன்."

வளர்த்தவர் கையெழுத்து இல்லாமல் பாட்டில் கதவைத் தாண்டாது. ஆகட்டும் சார் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆகட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்தால், தங்கை ஒரு ஜாடி மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் வீங்கி மடங்காமல் போய் இரண்டு வருஷமாகிறது. அக்கா ஜாடியை வாங்கித் திறந்து கொடுத்துவிட்டு, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"திட்டத்தை மூடிட்டா உன் கதி என்னடி?"

"இப்ப மட்டும் என் கதி அமோகமா இருக்காக்கும்! நீ மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தா உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன். அது சரி, ஏன் மாறுதாம்?"

"அதான் பிடிபடல. நிலைச்சு நிக்கட்டும்னுதான் வைட்டமின் சி விடுறோம். தினமும் விடுறோம்."

"தினமுமா? ஞாயித்துக்கிழமை நீ இங்க உக்காந்து எனக்குத் தலை வாரிவிடுற. அன்னிக்கு யாரு விடுறா?"

அட ஆண்டவா! சளிக்குச் சப்புகிற மாத்திரையில் இருக்கும் அதே வைட்டமின் சிதான். செல்லின் மரபணுவில் கட்டுப்பாட்டுக் குணத்தைப் பூட்டி வைத்திருக்கும் முத்திரைகளைக் கழற்ற அது உதவும். கழன்றுவிட்டால் அந்தக் குணம் மருந்தில்லாமலே நிலைக்கும். ஆனால் வெதுவெதுப்பான திரவத்தில் இந்த வைட்டமின் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. படிவத்தில் கொட்டை எழுத்தில் 'தினமும்' என்றுதான் இருந்தது. மூன்று வருஷமாக அத்தனை பேரும் அதை 'ஆபீஸ் இருக்கிற நாள்' என்று படித்திருக்கிறார்கள். படித்த மேதாவிகள்! அவளும்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் வந்து விடுகிறேன் என்று மறுநாள் அவள் கேட்டதற்கு ஆகட்டும் சார் கையை விரித்தார். "ஞாயித்துக்கிழமை கட்டடம் பூட்டு. தனி ஆள் உள்ள இருக்கக் கூடாதுன்னு பாதுகாப்பு விதி."

"ரெண்டு பேர் இருக்கணும்னுதான் விதியில இருக்கு. எந்த ரெண்டு பேர்னு போடலை, சார்."

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவும் தங்கையும் போய் நின்றார்கள். வாசல் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் தங்கை கோணல்மாணலாக 'துணைக்கு' என்று எழுதினாள்.

"யாருக்கும்மா துணை?" என்றார் அவர்.

"செல்லுக்கு" என்றாள் தங்கை. அவர் தலையில் அடித்துக்கொண்டு சாவியை எடுத்தார்.

தங்கை வரவேற்பறை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா உள்ளே போய் வைட்டமின் சியைப் புதிதாகக் கரைத்து விட்டுவிட்டு வந்தாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. பதினாலு நாள் முடிந்து, நாலு நாள் பட்டினியும் போட்டு மெஷினில் ஏற்றினாள். தொண்ணூற்றொன்று என்று வந்தது. அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து அழுதாள்.

"பிரமாதம்! போட்டுக் குடுங்க. முதல் பாட்டில் கதையெல்லாம் எழுதிட்டிருக்க வேணாம்" என்றார் ஆகட்டும் சார்.

அவள் அவர் கண்ணெதிரிலேயே 'தினமும்' என்பதற்குப் பக்கத்தில் 'ஞாயிறு உட்பட' என்று எழுதினாள். கீழே, 'முதல் பாட்டில் கட்சி மாறியது. செல்லுக்கு வாராவாரம் லீவு விட்டது நாங்கள். நானும்தான்' என்று எழுதி, அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாட்டில் டிரைவருக்குப் போனது. மேலிடம் எதையும் இழுத்து மூடவில்லை.

ஒரு மாதம் கழித்து, மறந்து வைத்த கண்ணாடியை எடுக்க ஆகட்டும் சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வரவேற்பறையில் யாரோ ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"யாரும்மா நீங்க? இன்னிக்கு லீவாச்சே."

அவள் எழுந்திருக்கவில்லை. மடங்காத விரலால் உள்கதவைக் காட்டினாள்.

"நான் ரெண்டாம் நம்பர், சார். உள்ள வளர்றது என் செல்லு. அதுக்கு லீவு கிடையாது."