படையலில் ஏறிய ஒத்திலியா

ஒத்திலியா அக்கா செத்துப்போனதற்கு நான்தான் காரணம். அந்த நேரத்தில் அவள் சமையலறையில் நின்று இரண்டாவது தமாலே சோளக் கொழுக்கட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். எங்கள் மெக்சிக்கோ வழக்கப்படி வைக்கும் இறந்தோர் நாள் படையலுக்குப் படங்களை அடுக்கும் வேலையைப் அக்காவின் அம்மா, பெரியம்மா எர்மீனியா, என்னிடம் கொடுத்திருந்தாள். தாத்தாவின் படத்தைக் கீழே போட்டு உடைத்தேன். அக்கா டாக்டர் பட்டம் வாங்கிய படத்தின் சட்டம் அளவுக்குச் சரியாக இருந்தது. உள்ளே தாத்தாவை மாற்றி வைப்பதற்குள் தொலைக்காட்சியில் ஆட்டம் தொடங்கிவிட்டதால், அவளை அப்படியே சாமந்திக்கும் உப்புக்கும் நடுவில் ஏற்றிவிட்டுப் போய்விட்டேன். உயிரோடிருப்பவர் படத்தை அங்கே ஏற்றக்கூடாது, ஏற்றினால் அவர் செத்தவர் கணக்கு என்பது சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் நாய்களுக்கும் தெரியும்.

மறுநாளே அக்கா பாடம் எடுக்கும் பல்கலைக்கழகம் இரங்கல் தெரிவித்தது. கவிதை ஆய்வாகாது, ஆய்வில் கவிதை வாடை அடிக்கிறது, பெண்ணோடு வாழும் கதையை வீட்டோடு வைத்துக்கொள்ளவும் என்று ஆறு வருடம் அவளை இழுத்தடித்த குழு, ஒரே அமர்வில் அவள் பணியை நிரந்தரமாக்கியது. மாணவர்கள் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். பாடம் எடுக்கப் போயிருந்த அக்காவும் மரியாதைக்கு நின்றாள். விடியலில் எழுதி மேசைக்குள் போட்டிருந்த கவிதைகள் கறுப்புக் கரையோடு புத்தகமாயின. ஒரு வரி தப்பு என்று அக்கா பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டாள். காலமானவரின் பிரதியில் கை வைப்பதில்லை என்று பதில் வந்தது. அவள் பெயரில் கவிதைப் பரிசு வைத்தார்கள். அவளே விண்ணப்பித்தாள், ஒத்திலியாவைக் காப்பியடிப்பதாகச் சொல்லிக் கழித்துவிட்டார்கள்.

அக்காவோடு வாழ்ந்தவள் பெரெனீஸ். பதினொரு வருடமாக அவளுக்குப் பெரியம்மா வீட்டு வாசல்படி கிடையாது. தெருவில் வண்டிக்குள்ளேயே காத்திருப்பாள். அக்காவின் ஆன்மாவுக்காகச் சொன்ன ஜெபமாலையின் ஒன்பதாம் நாள் பெரியம்மாவே போய் வண்டிக் கதவைத் திறந்தாள்.

"வாடி மருமகளே. வெயில்ல ஒக்காந்து கருவாடாகவா போற? உள்ள வந்து சாப்பிடு."

விதவைக்குரிய நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அக்கா "அம்மா" என்று கூப்பிட்டாள், யாரும் திரும்பவுமில்லை. படையலைக் கலைத்த பிறகும் பெரியம்மா அந்தப் படத்தை மட்டும் இறக்கவில்லை.

மூன்று வருடம் போயிற்று. "டேய் டாமியான், நீ ஏத்துனதுதானே, நீயே எறக்கித் தொலைடா" என்றாள் அக்கா. "எங்கம்மா ஒரு தடவ என்னைத் திட்டுனா போதும்டா."

படத்தில் கை வைத்தேன். பெரியம்மா கரண்டியால் ஒன்று போட்டாள்.

"பெரியம்மா, அக்கா இந்தா நிக்கிறா. நெசமாவே உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

என்னிடம் வசவைத் தவிர வேறெதுவும் பேசியிராத பெரியம்மா, அக்கா நின்ற பக்கம் பார்த்தாள்.

"தெரியுதுடா. மூணு வருஷமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன், எளைச்சுப் போயிட்டா. ஆனா இவ உயிரோட இருக்கான்னு ஒத்துக்கிட்டா, பெரெனீஸ நான் வெளிய அனுப்பணுமே."