தாய்மார்கள் கூட்டம்

இஸ்திரி ரோலரின் வாயில் படுக்கை விரிப்பை ஊட்டும்போது விரலைக் கடைசி நொடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். நெட்டை பதினொரு வருடமாக அதைச் செய்துவருகிறார். ஹோட்டல் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவருக்கே சமயத்தில் மறந்துபோகும். அன்று நாற்பது விரிப்பு ஓட்டி முடித்த பிறகும் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்க அவருக்குக் கால் எழவில்லை.

சட்டைப்பையில் பள்ளிக்கூடத்துக் காகிதம் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. 'வளரிளம் பெண்களின் உடல்நலம். தாய்மார்கள் கூட்டம். புதன், பகல் பதினொரு மணி.' மகள் அதை அவரிடம் கொடுக்கவில்லை. குப்பைக்கூடையில் கசங்கிக் கிடந்ததை இவராக எடுத்துப் பிரித்தார். அதே கூடையில் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிய பொட்டலங்கள். தினமும் காலையில் கூடையைக் கொட்டுபவர் அவர்தான். பதினேழு நாளாக அந்தப் பொட்டலங்கள் நிற்கவில்லை. மகள் மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். "என்னம்மா?" என்றால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். பதினைந்து வயது. அவள் அம்மா மூன்று வருடமாக வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். ஞாயிறு மாலை மட்டும் போனில் வருவாள்.

"எதுக்கு லீவு?" என்றார் சூப்பர்வைசர்.

"பல்லு வலி சார்."

"போன மாசம் இடுப்பு, இந்த மாசம் பல்லு. வலி மேல மேல ஏறிட்டே போவுது. அடுத்த மாசம் தலையா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நெட்டையும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

வகுப்பறையில் இருபது பெண்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் அவர் தலை குனிந்து நுழைந்ததும் பேச்சு அறுந்தது.

"ஐயா, இது அம்மாங்களுக்கு வெச்ச கூட்டம்" என்றாள் நர்ஸ்.

"அவ அம்மா ஊர்ல இல்லம்மா."

"அத்தை, சித்தி யாராவது?"

"நான்தான் இருக்கேன்."

முன்வரிசையில் ஒரு பருத்த பெண், வேலைக்குக் கட்டும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தவள், "ஆம்பளைய வெச்சுக்கிட்டு நாங்க எப்படி வாயத் தொறக்கறது?" என்றாள். நர்ஸுக்கும் சங்கடம். கடைசியில் வெளியே தாழ்வாரத்தில் ஒரு குட்டை நாற்காலி போட்டார்கள். கதவைப் பாதி திறந்து வைத்தார்கள்.

முழங்கால் மோவாயை இடிக்க அவர் உட்கார்ந்து கேட்டார். பாதி புரிந்தது. மீதியில் காது சுட்டது. "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றாள் நர்ஸ் முடிவில். பெஞ்சுகள் நகரத் தொடங்கின. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அவர் எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பதினேழு நாளா நிக்கலைன்னா, அது சாதாரணந்தானாம்மா?"

"யாருக்கு?"

"எம் பொண்ணுக்கு."

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டாள். ஏப்ரன்காரி எழுந்துவிட்டாள். "பதினேழு நாளா? பச்சப்புள்ள எப்படிய்யா தாங்குச்சு? நீங்க ஒரு வார்த்தை கேக்கலையா?"

"எப்படிம்மா கேக்கறது? வாய் வரைக்கும் வருது, அப்புறம் வரமாட்டேங்குது."

"கெளம்புங்க. கூட்டமெல்லாம் கெடக்கட்டும். புள்ள எந்த வகுப்பு?"

அவளே போய்க் கூட்டிவந்தாள். சுகாதார நிலையத்துப் பெஞ்சில் மகள் அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். உதடு காகிதம்போல வெளுத்திருந்தது.

"எல்லார் முன்னாடியும் கேட்டீங்களாமே. என் மானமே போச்சு."

"மானம் போனா போகட்டும். நீ போயிடக் கூடாது."

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லலாம்னுதான் பாத்தேன். மூணு நிமிஷத்துல வெச்சுடறாங்க. நீங்க வேற பக்கத்துலயே நிக்கறீங்க."

அவர் தலையாட்டினார். நின்றது உண்மைதான். அவருக்கும் அந்த மூன்று நிமிஷம்தான்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா படுக்க வெச்சு ரத்தம் ஏத்தியிருக்கணும்" என்றார். மாத்திரை எழுதினார். "ஆறு வாரம், புதன்கிழமை தோறும் பதினொரு மணிக்குக் கூட்டிட்டு வாங்க."

"சாயங்காலம் வரலாங்களா?"

"சாயங்காலம் கிளினிக் கிடையாது."

அடுத்த புதனுக்கு எந்த வலியைச் சொல்வது என்று திரும்பும் வழியெல்லாம் நெட்டை யோசித்தார். மகள் படியில் நின்றபோது அவரும் நின்றார். "மெதுவா ஏறலாம்" என்றார். அவள் அவர் தோளில் கை வைத்து ஏறினாள்.

ஞாயிறு மாலை போன் வந்தது. நெட்டை அதை மகள் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார். திரையில் அம்மாவின் முகம் வேர்த்திருந்தது.

"அம்மா, எனக்கு…" என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, மூச்சு வாங்கி, "எனக்கு உடம்பு சரியில்லம்மா. பதினேழு நாளா நிக்காம இருந்துச்சு" என்றாள்.

"அடக் கடவுளே, பதினேழு…"

அங்கே வேறொரு சிறுமியின் குரல் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிற குரல். பின்னாலேயே ஒரு பெண்ணின் அதட்டல்.

"இருடா கண்ணு, வெச்சுடாத. இந்த வீட்டுப் பொண்ணுக்கு இன்னிக்கு ரெண்டாம் நாள். வெந்நீர்ப் பை வெச்சுட்டு வந்துடறேன்."

போன் மல்லாக்கக் கிடந்தது. திரையில் அந்த வீட்டின் வெள்ளைக் கூரையும் சுழலாத ஒரு மின்விசிறியும். தண்ணீர் பையில் இறங்கும் சத்தம். அம்மாவின் குரல், தூரத்தில், மிக மெதுவாக: "வலிக்குதா தங்கம்? இப்படித் திரும்பிப் படு. இப்ப சரியாயிடும்."

மகள் போனை இரு கையாலும் பிடித்தபடி அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.