பேரம் பேசாத குடித்தனக்காரன்

இன்றைக்கு டீ மட்டும் குடிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் ஷவுகத் அலி மாடிப்படி ஏறினார். தேதி பத்தொன்பது. இரண்டு மாத வாடகை பாக்கி. மாடி கட்ட வாங்கிய கடனுக்கு பேங்க்காரன் ஐந்தாம் தேதியே தவணையை உருவிக்கொண்டுவிடுகிறான். மனைவி ராபியாவின் வளையல் ஏற்கெனவே அடகில். காலையில் அவள் சொல்லிவிட்டாள்: “அடுத்த தவணைக்கு என் கம்மல பாக்காதீங்க. மேல மாடிய பாருங்க.”

பாரிவாக்கத்தில் வீட்டு ஓனராகி ஐந்து மாதம்தான் ஆகிறது. வீடு பார்க்க வந்த கஜபதியிடம், பத்தில் முடிக்கலாம் என்ற நினைப்பில் பன்னிரண்டாயிரம் என்று ஏற்றிச் சொன்னார். “சரி பாய்” என்றான் அவன். அன்றைக்கு வீட்டுக்கு அரைக் கிலோ அல்வா வாங்கிப் போனார். கொடுக்கிற எண்ணம் இருப்பவன் குறைக்கச் சொல்வான் என்பது, பூந்தமல்லி துணிக்கடையில் முப்பது வருஷம் உட்கார்ந்த மனிதருக்கு அப்போது பார்த்து மறந்துபோயிற்று.

“வா பாய்! லோகு, பாய் வந்துகீறாரு, டீ போடு!” என்று கஜபதி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

“டீ வேணாம். வாடகைய சொல்லு.”

“இன்னா பாய், நான் எங்க ஓடிப் போவப் போறேன்? பாடில நான் வேல செய்ற கம்பெனிக்காரன் சம்பளத்த இழுத்தடிக்கறான். அட்வான்ஸ்ல கழிச்சுக்கயேன்.”

அட்வான்ஸ் அவன் காலடியிலேயே டைல்ஸாகக் கிடந்தது.

அவன் மனைவி லோகநாயகி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். ஏலக்காய் மணந்தது. கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு, விலை பேசுமுன் கலர் சோடா வாங்கிக் கொடுப்பது ஷவுகத்தின் வழக்கம். ஒரு மடக்கு குடித்தவர்கள் வெறுங்கையோடு எழுந்து போனதில்லை. இதே நாற்காலியில் போன மாதம் இதே டீயைக் குடித்துவிட்டு, “பரவால்ல, மெதுவா குடு” என்று அவர் வாயே சொல்லித் தொலைத்திருந்தது.

கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழமக்குள்ள ரெண்டு மாசமும் வரணும். இல்லாட்டி காலி பண்ணிடு.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பத்து நாள் கேட்பான், பாதியாவது தருகிறேன் என்பான், எதற்கு எவ்வளவு இறங்குவது என்று மனசுக்குள் கணக்குகூடப் போட்டுவிட்டார்.

“சரி பாய்” என்றான் கஜபதி.

மேலே மின்விசிறி கடகடத்தது. டீயின் மேல் ஏடு படிந்து, மெல்லச் சுருங்கி, கிளாஸின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

“ஆறிப்போச்சே பாய்,” என்றாள் லோகநாயகி. “சூடு பண்ணி எடுத்தாரட்டா?”