வாழாவெட்டிப் பூ

நிக்கலஸ் மாஸ்டர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கால்சட்டையின் கிளிப்புகளைக் கழற்றியபோது, நஜ்முன் நிஸா தையல் மெசினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் திருகோணமலை நகரத்தில் தாவரவியல் படிப்பிப்பவர். இந்தப் பக்கத்துச் செடிகொடிகளின் பெயர்களைத் திரட்டிச் சிறு புத்தகமாகப் போடப்போகிறார் என்று குறிஞ்சாக்கேணி முழுக்க மூன்று நாட்களாகக் கதை. நாலு வருடத்துக்கு முன், அறுபத்துமூன்றில், சனத்தொகை எடுக்க வந்தவர்களைப் பார்த்ததுபோலத்தான் ஊர் அவரையும் பார்த்தது. வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்பியது.

அவர் குரல் கேட்டதும் பக்கத்து வளவிலிருந்து ஆமினா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் இல்லாத வீட்டுக்கு ஓர் ஆண் வந்திருக்கும்போது நிஸாவைத் தனியே விடக்கூடாது என்பது அவள் தானாகவே எடுத்துக்கொண்ட பொறுப்பு.

நிஸாவின் வேலியை ஒரு வெள்ளைப்பூக் கொடி மூடிக் கிடந்தது. களப்புத் தண்ணீர் ஓரமெல்லாம் படரும் கொடிதான். வெற்றிலை மாதிரி இலை; சுருட்டிய குடை மாதிரி மொட்டு. பொழுது பட்டபின் விரிந்து, விடிந்து வெயில் ஏறுவதற்குள் கசங்கிப்போகும். யாரும் பறிப்பதில்லை. மருந்துக்கும் ஆகாது. யார் வைத்தார்களோ, அதற்கு வாழாவெட்டிப் பூ என்று பெயர். நிஸா பிறக்கும் முன்பே இருந்த பெயர்தான். ஆனால் ஏழு வருடத்துக்கு முன் அவள் புருஷன் கலீலுர் றஹ்மான் சீனன்குடா எண்ணெய்க் கிடங்கில் வேலை என்று போய், அங்கிருந்து புத்தளம் போய், இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்று செய்தி வந்ததிலிருந்து, அவள் முன்னால் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அவன் தலாக்கும் சொல்லவில்லை; திரும்பியும் வரவில்லை. கிணற்றடியில் பெண்கள் "அந்தக் கொடி" என்பார்கள். சின்னப் பிள்ளை எதுவாவது வாய் தவறிச் சொன்னால் தாய் தொடையில் கிள்ளுவாள். அந்தக் கிள்ளல்கள் எல்லாவற்றையும் நிஸா பார்த்திருக்கிறாள்.

மாஸ்டர் வாடிய பூவொன்றை எடுத்து விரலால் பிரித்துப் பார்த்தார். "இது விரியிறதை ஒருக்காப் பாக்க வேணும். கொஞ்சம் இருக்கலாமோ?"

கதிரை போட்டுக் கொடுத்தாள். பொழுது பட்டு, மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மொட்டு நடுங்கியது. திருகு தளர்ந்து, ஒரு பக்கம் பிரிந்து, பிறகு முழுவதும் ஒரே மூச்சில் திறந்தது. ஒரு சிறு தட்டளவு வெள்ளை. உள்ளே ஐந்து பச்சைக் கோடுகள். இத்தனை வருடம் தன் வேலியில் இருந்தும், விரிகிற கணத்தை நிஸா இப்போதுதான் பார்த்தாள்.

மாஸ்டர் கொப்பியைத் திறந்தார். "இதுக்கு இஞ்ச என்ன பேர்?"

"பேரொண்டும் இல்ல மகன்," என்றாள் ஆமினா உம்மா உடனே. "சும்மா காட்டுக்கொடி."

"பதினொரு வீட்டில கேட்டுட்டன். எல்லாரும் இதைத்தான் சொல்லுகினம். இவ்வளவு பெரிய பூவுக்குப் பேர் இல்லாமலோ?"

அவர் 'ஊர்ப்பெயர் இல்லை' என்று எழுதத் தொடங்கினார். பதினொரு வீடு. பதினொரு வீட்டிலும் தனக்காக வாயை மூடியிருக்கிறார்கள் என்று நிஸா நினைத்தாள். அது அன்புதான், அவளுக்கும் தெரியும். ஆனால் மூடிய ஒவ்வொரு வாய்க்குள்ளும் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

"பேர் இரிக்கி சேர். வாழாவெட்டிப் பூ."

"நிஸா," என்றாள் ஆமினா உம்மா.

"என்ன சாச்சி? அதுதானே பேர்."

மாஸ்டர் பேனையைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டில் ஆண் செருப்பு இல்லாததை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். "வேற பேர் ஏதும்..."

"வேற இல்ல. எழுதுங்க."

எழுதினார். அவர் போனபின் ஆமினா உம்மா கதிரையை உள்ளே தூக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் மீன் ஆணம் கொண்டுவந்து, குசினியில் வைத்து, உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு என்றாள்.

எட்டு மாதம் கழித்துத் தபாலில் புத்தகம் வந்தது. நிஸா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் பக்கம் பக்கமாகத் தேடினாள். கோட்டுப் படத்தில் இலை, மொட்டு, ஐந்து கோடுகள் எல்லாம் சரி. கீழே, 'ஊர்ப்பெயர்: பால்நிலாக் கொடி' என்றிருந்தது. அப்படி ஒரு பெயரை அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் தைத்த சட்டைகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு, கிண்ணியாத் துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி அக்கரை போய், பஸ் பிடித்து நகரத்துக்குப் போனாள். பள்ளிக்கூடத்து மாமர நிழலில் மாஸ்டர் அவளை அடையாளம் கண்டு வேகமாக வந்தார்.

"நான் சொன்னது ஒரு பேர். நீங்க போட்டது வேற."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தச் சொல்லை அச்சில போட மனம் வரேல்ல. உங்களுக்காகத்தான் மாத்தினனான்."

"பதினொரு வீடும் எனக்காகத்தான் பொய் சொன்னது. நீங்க பன்னிரண்டாவது."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "அடிச்ச இருநூறு புத்தகமும் போயிட்டுது. திருப்பி எடுக்க ஏலாது. உங்கட புத்தகத்தைத் தாங்கோ, திருத்தித் தாறன்."

"என்டதைத் திருத்தி என்ன செய்ய? எனக்குத் தெரியுந்தானே. உங்கடதில திருத்துங்க."

மாஸ்டர் தன் பிரதியை எடுத்து வந்து, மரத்தடி வாங்குப் பலகையில் வைத்து, அச்செழுத்தின்மேல் கோடிழுத்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். எழுதும்போது அவர் காது சிவந்தது. மை காயும்வரை நிஸா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். மனதில் வெற்றி ஒன்றும் இல்லை. பசித்தது. பஸ் நிலையத்தில் ஒரு பணிஸ் தின்று தேத்தண்ணி குடித்தாள்.

திரும்பும்போது மிதவைப் பாதையில் கூட்டம். இரண்டு சைக்கிள், ஒரு லொறி, ஒரு மாட்டு வண்டி. வண்டியில் கலியாண வீட்டுக்குப் போகிற புது அலுமாரி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற மூதூர்ப் பெண் ஒருத்தி நிஸாவோடு யாரும் இல்லாததைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "தனியவா டவுனுக்குப் போயிட்டு வாறீங்க?"

"ஓம். தனியத்தான்."

பாதை கரையை விட்டு அசைந்தது. அலுமாரிக் கண்ணாடியில் அவர்கள் இருவரும், பின்னால் நின்றவர்களும், யாரோ பிடித்திருந்த குடையும் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். வண்டிக்காரன் மாட்டைத் தட்டிக்கொடுக்க இடம் கேட்டான். நிஸா ஓரடி விலகினாள். அங்கிருந்து பார்க்க, கண்ணாடியில் இப்போது தண்ணீர் மட்டும் அகலமாக ஆடிக்கொண்டிருந்தது.